மூன்றடி வாசல்

போன மாதம் என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் தீவில் காத்ர் போர்ன் டவுனில் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. சின்ன வயசு. மரத்தையே வளர்த்து வீடாக்கலாம் என்று வெளிநாட்டில் யாரோ எழுதியிருக்கிறார்களாம். மோகா பக்கம் அப்படி ஒன்று முன்னாலேயே இருந்ததாமே, வளர்த்தது நீங்கள்தானாமே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எப்படி என்றார்கள். கொஞ்சம் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை.

அதைக் கேள்விப்பட்டுக் கோவில் விழா மலர் போடுகிறவர் வந்தார். அவர்களிடம் சொல்லாததையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள் என்றார். எனக்குக் கோவில் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷத் தமிழ்தான். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

கரும்புக்காட்டில் கலவரம் நடந்த வருஷம் நான் வெட்டுக்காரன். இருபத்தைந்து வயது. எல்லாம் அடங்கிய பிறகு, எங்களுக்கு என்ன வேண்டும் என்று எஸ்டேட்டில் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆண்கள் கூலி என்றார்கள். பெண்கள் கூட்டத்தில் அஞ்சலை அக்கா முன்னால் வந்தாள். பிள்ளையைப் படுக்கவைக்க ஒரு கூரை வேண்டும் என்றாள். அவள் மூத்த பிள்ளையை வரப்பில் போட்டுவிட்டுக் களை எடுத்தபோது எறும்பு மொய்த்துக் கண் இமை வீங்கிப்போயிருந்தது. கூரை தருகிறோம் என்றார்கள். தரவில்லை. பிறகு யுத்தம் வந்தது. கப்பலில் தகரமும் இல்லை, சிமெண்டும் இல்லை.

அப்போதுதான் மிஸ்யே ஒகுஸ்த், அந்தக் கூரையை நான் வளர்த்துத் தருகிறேன் என்றார்.

மிஸ்யே என்றால் ஐயா. அவர் எஸ்டேட் தோட்டங்களுக்குப் பெரியவர். ஒல்லி. தொப்பியைக் கழற்ற மாட்டார். சத்தம் போட மாட்டார். பையில் பித்தளைக் கீல் வைத்த மடக்கு அளவுகோல். எதையும் மூன்று முறை அளப்பார். வேலை சரியில்லை என்றால் ஒரே வார்த்தை: "ஆங்கோர்." மறுபடி என்று அர்த்தம். சரியாக இருந்தால் அந்த வார்த்தையும் கிடையாது, அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவர் தீவுப் பேச்சான கிரியோலில்தான் பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவருக்கு உதவியாள் வேண்டியிருந்தது. என் கத்தி பிடிக்கும் கையைப் பார்த்து எடுத்துக்கொண்டார். முதலில் ஒரு முக்காலி வளர்க்கச் சொன்னார். மூன்று கொய்யாக் கன்றை நட்டு, வளைத்து, ஒன்றோடு ஒன்று உரசும் இடத்தில் தோலைச் சீவிச் சேர்த்துக் கட்ட வேண்டும். முதல் முக்காலி காய்ந்துபோனது. ஆங்கோர். இரண்டாவது கோணல். ஆங்கோர். மூன்றாவதை வேரோடு வெட்டி எடுத்தோம். அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார். இதற்கு மூன்று வருஷம் ஆனது. என் படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் குடிசைகள் இருந்த இடத்தைக் கான் என்போம். கீழ்க்கானுக்கும் கரும்புக்காட்டுக்கும் நடுவில் பழைய ஆலமரம் ஒன்று. விழுது நிறைய. அதைத்தான் மிஸ்யே தேர்ந்தெடுத்தார்.

தச்சர் ஒரு படம் போடுவார். இவர் ஐந்து போட்டார். ஒரே வீடு. முதல் வருஷம் எப்படி இருக்கும், மூன்றாம் வருஷம், ஆறாம் வருஷம், பத்தாம் வருஷம், பதினைந்தாம் வருஷம். முதல் படத்தில் நூல் மாதிரிக் கோடுகள். கடைசிப் படத்தில் எல்லாம் தொடை மொத்தம். வாசல் மட்டும் ஐந்து படத்திலும் ஒரே அளவு. மூன்றடி. அதைப் பென்சிலால் தட்டினார்.

"மற்றதை எல்லாம் மரம் செய்யும். இது ஒன்றை நீ செய்ய வேண்டும்" என்றார்.

வேலை இப்படி. தொங்குகிற விழுதை மூங்கில் குழாய்க்குள் விட வேண்டும். குழாயில் மக்கின கரும்புச் சக்கையும் சாணியும் செம்மண்ணும். காயவிடக் கூடாது. நுனி தரையைத் தொட்டு மண்ணைப் பிடித்ததும் விழுது இறுகி நேராகும். அப்போது மூங்கிலைப் பிளந்து எடுத்துவிடலாம். அதுதான் தூண். தூணுக்குத் தூண் குறுக்கே இளம் விழுதை இழுத்து, தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் தோலைச் சீவி, கற்றாழை நார்க்கயிற்றால் கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கட்டை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். ஒரு தரம் கயிறு கிடைக்காமல் கம்பியால் கட்டினேன். அடுத்த தடவை பார்த்தால் கம்பியைக் காணோம். மரம் விழுங்கிவிட்டது. மிஸ்யே பேனாக்கத்தியைக் கொடுத்தார். தோண்டி எடுக்க ஒரு பகல் ஆனது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெண்கள் வேலைக்குப் போகும் வழி அது. தினமும் கேலி.

"என்ன வீராசாமி, வீடு முளைச்சுதா? இன்னைக்கு எத்தனை இலை?" என்பாள் அஞ்சலை அக்கா.

"மெதுவாத்தான் முளைக்கும் அக்கா."

"எம் பிள்ளை மீசை வெச்சுக்கிட்டு வந்துதான் இதுல படுப்பான் போல. தொட்டில் பெருசாக் கட்டு."

அவள் சொன்னது பாதி பலித்தது. அவள் கடைசிப் பிள்ளைதான் அதில் படுத்தான். ஏழாம் வருஷம் சுவர் மூடியது. இடைவெளியில் களிமண் அப்பினோம். மேலே கிளையை வளைத்துக் கட்டி, அதன்மேல் கரும்புத் தோகை. மழையில் ஒழுகவில்லை. வெயிலில் உள்ளே குளிர்ச்சி. இருபது பிள்ளைகள் படுத்தன. அஞ்சலை அக்கா சுவரைக் கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு கேலி இல்லை.

இனி வாசல் விஷயம்.

ஆலமரம் திறந்த இடத்தை விடாது. வாசலுக்கு மேலிருந்து புது விழுது இறங்கிக்கொண்டே இருக்கும். நூலாக இருக்கும்போது வெட்டிவிட வேண்டும். விட்டால் மண்ணைப் பிடிக்கும். பிடித்தால் இரண்டு வருஷத்தில் கை மொத்தம், நாலு வருஷத்தில் நிலையோடு ஒட்டிச் சுவராகிவிடும். நிலைத்தூண்களும் பருக்கும். அதன் உள்பக்கத் தோலைச் செதுக்கிச் சாணியும் சாம்பலும் பூச வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம், கார்த்திகைக்கு முன்னால். பிறகு சிக்லோன், அதாவது புயல் காலம் தொடங்கிவிடும். வெட்டிய பிறகு அளந்து நோட்டில் எழுத வேண்டும். மூன்றடி. பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் எழுதினேன். உண்மையாக எழுதினேன்.

பிறகு எஸ்டேட் கல்லில் பிள்ளைக் கொட்டகை கட்டியது. மரவீடு காலியானது. மிஸ்யே ஒகுஸ்துக்கு முட்டி கெட்டுப்போய் மோகாவில் அலுவலகத்தோடு நின்றுவிட்டார். நோட்டு மட்டும் அவருக்குப் போகும்.

காலி வீட்டில் சுப்பையா அண்ணன் ஒரு கல்லை வைத்தார். அவர் அஞ்சலை அக்காவின் புருஷன். வண்டிக்காரர். கானில் பூசை செய்கிறவரும் அவர்தான். கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகினார். அம்மன் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று ஜனங்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு. வாசலில் தொங்கின விழுதுகளில் மஞ்சள் துணி கட்டினார்கள்.

அந்த வருஷம் நான் கத்தியோடு போனேன். விழுது எல்லாம் மஞ்சள் துணி. இரண்டு பெண்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னையும் கத்தியையும் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வெட்டாமல் அளந்து மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அளவு இரண்டடி ஒன்பது அங்குலம் இருந்தது. மூன்றடி என்று எழுதினேன். மூன்று அங்குலம்தானே என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் இரண்டடிக்கும் கீழே. அதையும் மூன்றடி என்று எழுதினேன். போன வருஷம் எழுதியதால் இந்த வருஷமும் எழுத வேண்டியதாயிற்று. நாலாம் வருஷம் அளக்கவே இல்லை. உள்ளே யாரும் போவதில்லை. விளக்கைக் கையை நீட்டி உள்ளே வைப்பார்கள். எழுதினேன், மூன்றடி.

எங்கள் தீவில் தை, மாசிதான் கோடை. அந்தக் கோடையில் பெரிய சிக்லோன் வந்தது. ஒன்று முன்னால் வந்து கானில் பாதிக் கூரைகளைக் கொண்டுபோயிருந்தது. அடுத்தது அதைவிடப் பெரிது என்று போலீஸ் நிலையத்தில் சிவப்புக் கொடி ஏற்றினார்கள். எஸ்டேட்டில் வேலை வாங்கும் சிர்தார் மணி அடித்து, மேஸ்திரிக் குரலில் அறிவிப்புப் படித்தார். மேல்கான் ஆட்கள் சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டும். கீழ்க்கான் ஆட்கள் மரவீட்டுக்குப் போக வேண்டும், நாற்பது பேர் கொள்ளும், வாசல் மூன்றடி.

என் நோட்டில் இருந்ததைத்தான் படித்தார்.

சுப்பையா அண்ணன் பக்கத்தில் நின்றார். "வாசல் குறுகிக் கிடக்கே வீரா. ஆலை தூரம்தான், ஆனா கல்லுக் கட்டடம். இப்பவே கிளம்பினா போய்டலாம். என்ன சொல்றே?"

"நான் திறந்து வெக்கிறேன் அண்ணே."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"போன்" என்றார். சரி என்று அர்த்தம். போய் மற்றவர்களிடமும் சொன்னார்.

அன்று மதியமே ரம்பமும் கோடரியும் எடுத்துக்கொண்டு போனேன். யாரும் இல்லை. வானம் செம்பு நிறம். காற்றே இல்லை. வாசலில் யாரோ புதிதாக எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடைவெளியில் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சாண். ரம்பத்தை விழுதில் வைத்தேன். இழுக்க முடியவில்லை. என் மகள் பாக்கியம் அப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். அம்மன் மரத்தை அறுத்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அந்தப் பயத்தை வெளியே சொல்லவும் வெட்கம். அரை மணி நேரம் நின்றேன். விளக்கு அணைந்தால் அறுக்கலாம் என்று நினைத்தேன். அணையவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காலையில் காற்று எனக்கு முன்னால் வந்துவிட்டது.

எட்டு மணிக்கு முதல் தகரம் பறந்தது. ஒன்பதுக்குக் கீழ்க்கான் முழுதும் மரத்தடியில். என் கணக்கில் முப்பத்தெட்டு பேர். மழை படுக்கையாக அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பிள்ளைகளை முதலில் உள்ளே தள்ளினோம். ஒல்லியானவர்கள் பக்கவாட்டில் நுழைந்தார்கள். தோல் உரிந்தது. பிறகு கனத்த பெண்கள். போகவில்லை. ஒருத்தி மாட்டிக்கொண்டு அலறினாள். இழுத்து எடுத்தோம்.

பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அப்பா, நான் எப்படிப்பா போவேன்?"

கோடரி என் கையில் இருந்தது. ஓங்கினேன். கை இறங்கவில்லை. என் கைதான். முப்பது வருஷம் வெட்டின கை. எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து வந்த சுப்பையா அண்ணன் வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேற்று நான் திறக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. திட்டவில்லை. கோடரியைப் பிடுங்கினார்.

"தள்ளு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அண்ணே..."

"தள்ளுடா! பிள்ளைத்தாச்சியை நிக்கவெச்சுக்கிட்டு!"

முதல் விழுதுக்கு ஆறு வெட்டு. பால் வடிந்தது, மழை கழுவியது. அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. என்ன சொன்னார் என்று காற்றில் கேட்கவில்லை. மூன்றாவது விழுது விழுந்ததும் பாக்கியத்தை உள்ளே தள்ளினேன். "நீயும் போ, உள்ளேயிருந்து கைகொடு" என்றார். போனேன். ஒவ்வொருவராக இழுத்தேன். அவர் வெளியே நின்று தள்ளினார். கடைசியாக அஞ்சலை அக்கா வந்தாள். அவளை இழுத்தேன். பிறகு அவர் கையைப் பிடித்தேன். விரல்கள் என் விரல்களைப் பிடித்தன. அப்போது கானிலிருந்து ஒரு தகரம் பறந்து வந்து அவர் பின்கழுத்தில் பட்டது.

சத்தம்கூட இல்லை. பிடித்த கை பிடித்தபடி இருந்தது. உயிர் நின்றுவிட்டது.

அவரை உள்ளே இழுத்துக் கிடத்தினோம். அஞ்சலை அக்கா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் அழவில்லை. அழுதால் காற்றில் கேட்கவும் கேட்காது. மரம் முழுதும் முனகியது, ஆடியது. ஒரு தூண்கூடப் பெயரவில்லை. மறுநாள் வெளியே வந்தபோது கீழ்க்கானில் ஒரு குடிசை இல்லை. அடுப்புக் கல் மட்டும் வரிசையாகக் கிடந்தது.

மூன்றாம் நாள் மிஸ்யே ஒகுஸ்த் வந்தார். விழுந்த மரங்களைத் தாண்டி, கெட்ட முட்டியோடு நடந்தே வந்தார். முதலில் தூண்களை அளந்தார். மூன்று முறை. ஒன்றும் சாயவில்லை. பிறகு வாசலுக்கு வந்தார். வெட்டின இடத்தைப் பார்த்தார். விழுந்து கிடந்த விழுதைத் தூக்கி அளந்தார்.

"இது ஒரு வருஷ விழுது இல்லை."

"இல்லை மிஸ்யே."

"எத்தனை?"

"நாலு."

நோட்டைத் திறந்தார். நாலு வருஷமும் என் கையெழுத்து. ஒவ்வொரு வருஷமாகக் கேட்டார். உண்மை அளவு என்ன. சொன்னேன். நாலாம் வருஷம் அளக்கவில்லை என்றேன். தொப்பியைக் கழற்றினார். தரையில் உட்கார்ந்தார். சேற்றில். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நாற்பது பேர் கொள்ளும் என்று, சிக்லோனுக்கு ஒதுங்கும் இடங்களின் பட்டியலில் எழுதியது நான்" என்றார். "வந்து பார்க்காமல் எழுதினேன்."

என்னை வேலையைவிட்டு அனுப்புவார் என்று நின்றேன். அனுப்பவில்லை. நான் போகட்டுமா என்று கேட்டேன். "அந்த ஆளின் மனைவியிடம் யார் சொல்வது?" என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டது இல்லை அது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. கானில் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். அம்மன்தான் வாசலை அடைத்தாள், கோடரி பட்டதும் பூசாரியையே எடுத்துக்கொண்டாள் என்று. எனக்கு அது வசதியாக இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் அப்படியே போய்விடும்.

அஞ்சலை அக்கா எஸ்டேட் கொடுத்த கூடாரத்தில் இருந்தாள். போய் வெளியே நின்றேன். உள்ளே வரச் சொன்னாள். நின்றபடியே சொன்னேன். நாலு வருஷம், நோட்டு, முந்தின நாள் மதியம், விளக்கு. எல்லாம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"திறந்து வெக்கிறேன்னு சொன்னியே வீராசாமி. இல்லன்னா ஆலைக்குப் போயிருப்போமே."

"ஆமா அக்கா."

"அவருகிட்ட ஏன் கேக்கல?"

"என்ன கேக்கறது?"

"வெட்டலாமான்னு." அப்போதுதான் நிமிர்ந்தாள். "அம்மன் மரம்னா வெட்டவே கூடாதுன்னு யாரு சொன்னா? ஊர்ல இல்லாத வழக்கமா? கர்ப்பூரம் ஏத்தி உத்தரவு கேட்டா அவ குடுப்பா. ஒரு கர்ப்பூரம், ஒரு பழம். அவரு எத்தனை தடவை எங்கிட்ட சொன்னாரு தெரியுமா? வாசல் குறுகுதே, அளவுக்காரன் வீராசாமி, அவன் வெட்டணும்னு சொன்னா நான் உத்தரவு வாங்கித் தரேன், அவன் ஒண்ணும் சொல்லலையே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு."

கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

நான் அவர் கும்பிடுகிறார் என்று பேசாமல் இருந்தேன். அவர் நான் அளக்கிறேன் என்று பேசாமல் இருந்தார். நாலு வருஷம். தினமும் பார்த்துக்கொண்டோம். ஒரே கடையில் டீ குடித்தோம்.

"போ" என்றாள்.

பாக்கியத்துக்குப் பையன் பிறந்தான். நல்லபடியாகப் பிறந்தான். அதை அஞ்சலை அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷம் கார்த்திகைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, கத்தியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். வெள்ளைப் புடவை. கையில் எலுமிச்சம்பழம். ஒரு கல்லின்மேல் கர்ப்பூரம் வைத்து ஏற்றினாள். அது எரிந்து அணையும் வரைக்கும் நின்றாள். பிறகு வாசலைவிட்டு ஒதுங்கினாள்.

"வெட்டு" என்றாள்.

வெட்டினேன். நிலையைச் செதுக்கினேன். அளவுகோலை வைத்தேன். என்ன அளவு என்று அவள் கேட்கவில்லை. குனிந்து அவளே பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனாள்.

தீவுக்குச் சுதந்திரம் வந்து கொடி மாறின வருஷம் நான் வேலையைவிட்டேன். அதுவரை எட்டுக் கார்த்திகை. எட்டு வருஷமும் வந்தாள். அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவள் என்னிடம் வேறு பேசியதில்லை.